கம்ப்ரஸர் காதுக்குப் பிடிபடுவது எப்படி? (வளவில் பதிந்த மேளமும் ஆச்சி தாலாட்டும்)

கானாடுகாத்தான்_தம்பி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எங்க அப்பச்சியோட சாந்திக் கல்யாணத்துக்கு வீட்டு வளவுல (முற்றத்தைச் சுத்தின கூடத்துல) வாசிச்ச மேளத்தைப் பதிஞ்சு வச்சிருக்கேன். தவிலுக்கு வலந்தலைப் பக்கம் ஒரு மைக், தொப்பிப் பக்கம் ஒரு மைக், நாதஸ்வரத்துக்கு ஒண்ணு, எட்டத்துல தூண் ஓரமா ஒரு ஜோடி. இது போக ஆச்சி பாடின தாலாட்டு ஃபோன்ல பதிஞ்சது தனியா இருக்கு. ரீப்பர்ங்கிற மென்பொருள்ல மிக்ஸ் பண்றேன், கம்ப்ரஸர் (மிஞ்சின சத்தத்தை அமுக்குறது) அதுல இருக்கிற ரீகாம்ப்.

ஈக்யூ திருகினா எனக்குக் கேக்குது. ரிவெர்ப் போட்டா கேக்குது. கம்ப்ரஸர் மட்டும் கேக்க மாட்டேங்குது. மீட்டர் 4, 5 டிபி இறங்கி ஏறுறது கண்ணுக்குத் தெரியுது, என்ன மாறிச்சுன்னு காதால சொல்லத் தெரியலை. வீடியோக்கள்ல த்ரெஷோல்ட் (எந்த அளவைத் தாண்டினா அமுக்கணும்) மைனஸ் 18, ரேஷியோ (எத்தனை டிபி தாண்டினா ஒரு டிபி வெளியே விடணும்) 4, அட்டாக் (அமுக்க எடுக்கிற நேரம்) 10, ரிலீஸ் (அமுக்கத்தை விட எடுக்கிற நேரம்) 100 மில்லி செகண்ட்ன்னு சொல்றாங்க, அதையே வச்சுப் பார்த்தேன். ஆன் பண்ணா நல்லா இருக்கு, பைபாஸ் பண்ணா சப்புன்னு இருக்கு. ஆனா அது கம்ப்ரஸர் செஞ்ச வேலையா, வெறும் சத்தம் கூடினதாலயான்னு சந்தேகம். நீங்கள்லாம் எப்படிப் பழகினீங்க?

ரஸ்தா_சவுண்ட் எழுதியது:

தம்பி, உங்க சந்தேகம் நியாயமானது. அங்கேயிருந்தே ஆரம்பிப்போம்.

சத்தம் 1 டிபி கூடினாலே காது அதை "நல்லா இருக்கு"ன்னுதான் எடுத்துக்கும். சத்தம் ஏற ஏற அடித்தொனி நமக்குக் கூடுதலாக் கேக்கும். ஃப்ளெட்சரும் மன்சனும் 1933லயே இதை அளந்து கோடு போட்டுக் காட்டிட்டாங்க. அதனால ரீகாம்ப்ல தானியங்கி மேக்கப்பை (அமுக்கினதால குறைஞ்ச சத்தத்தைத் தானா ஏத்துறது) முதல்ல எடுத்துடுங்க. கம்ப்ரஸர் போட்டதும் எவ்வளவு சத்தம் குறையுதோ அதைக் கையால ஏத்தி, ஆனும் பைபாஸும் ஒரே அளவுல கேக்கிற மாதிரி வைங்க. அப்புறம் கண்ணை மூடிக்கிட்டு பைபாஸ் பட்டனை எத்தனை தடவைன்னு எண்ணாம தட்டுங்க. எது ஆன், எது ஆஃப்ன்னு உங்களுக்கே தெரியாம போனதும் ரெண்டையும் கேட்டு ஊகிங்க. சமமா வச்ச பிறகு கண்டுபிடிக்க முடிஞ்சாத்தான் கம்ப்ரஸரைக் கேக்குறீங்க.

மைனஸ் 18ங்கிற எண்ணுக்குத் தனியா அர்த்தம் கிடையாது. உங்க ட்ராக்கோட உச்சம் மைனஸ் 20ல இருந்தா கம்ப்ரஸர் கையைக் கட்டிக்கிட்டு நிக்கும். உச்சம் மைனஸ் 6ல இருந்தா 12 டிபி தாண்டுது, ரேஷியோ 4 ஆனதால வெளியே 3 டிபிதான் வரும், 9 டிபி போயிடும். அடுத்தவர் பதிவுக்கு வச்ச த்ரெஷோல்ட் உங்க பதிவுக்கு எப்படிப் பொருந்தும்? அட்டாக் 10ம் அப்படித்தான். ஒவ்வொரு பிளக்-இன் (மென்பொருள் கம்ப்ரஸர்) செய்றவரும் அந்த நேரத்தை ஒவ்வொரு விதமா அளக்கிறார்.

இப்போ பயிற்சி. தவில் பக்கத்துல இருந்த மைக்கை எடுக்காதீங்க, தூண் ஓர ஜோடியை எடுங்க. ரேஷியோ 20, அட்டாக் குறைஞ்ச அளவு, ரிலீஸும் குறைஞ்ச அளவு. 15, 20 டிபி அமுங்குற வரைக்கும் த்ரெஷோல்டை இறக்குங்க. கேக்க அசிங்கமா இருக்கும், இருக்கட்டும். இப்போ அட்டாக் ஒண்ணை மட்டும் மெதுவா ஏத்துங்க. முதல்ல அடி மழுங்கி எட்டத்துல கேக்கும். ஏத்த ஏத்த விரல் கூடு தோல்ல படுற அந்த "ணங்" வெளியே வரும். கொஞ்சம் தாண்டினா "ணங்" மட்டும் தனியா நிக்கும், பின்னால வர்ற உடம்பு காணாமப் போகும். அட்டாக்கை அங்கேயே விட்டுட்டு ரிலீஸுக்கு வாங்க. இப்போ அடியைக் கேக்காதீங்க, ரெண்டு அடிக்கு நடுவுல இருக்கிற இடத்தைக் கேளுங்க. ரிலீஸ் வேகமா இருந்தா ஒவ்வொரு அடிக்குப் பின்னாலயும் உங்க வீடு எழுந்து வரும்.

வீடு எழுந்து வரும்னு நான் சொல்றது நிஜமாவே உங்க வீட்டைத்தான். தரை ஆத்தங்குடி கல், சுவர் சுண்ணாம்புப் பூச்சு, வழுவழுன்னு இருக்கும். சத்தம் அதுல பட்டுத் திரும்பித் திரும்பி வரும். முற்றம் திறந்திருக்கிறதால மேல போறது போயிடும், பக்கவாட்டுல சுத்துறது நிக்கும். அந்த வாலைத்தான் கம்ப்ரஸர் தூக்குது. அடி பெரிசா வந்ததும் அமுக்குறான், அடி போனதும் கையை எடுக்குறான், எடுத்த நேரத்துல மிச்சம் இருக்கிறது வீட்டோட ஒலி மட்டும்தான். ஸ்டுடியோவுல பஞ்சு ஒட்டின அறையில பதிஞ்ச டிரம் சாம்பிளை வச்சுப் பழகுறவங்களுக்கு ரிலீஸ் கேக்காததுக்குக் காரணம் இதுதான், அடிக்குப் பின்னால தூக்குறதுக்கு அங்கே ஒண்ணுமே இல்லை. நம்ம செட்டிநாட்டு வீட்டுல பதிஞ்ச உங்களுக்கு இது சீக்கிரம் பிடிபடும்.

புதுவயல்_பீட்ஸ் எழுதியது:

ப்ரோ, ரஸ்தா அண்ணன் சொல்றதெல்லாம் சரிதான். ஆனா இதை யார் கேக்கப் போறா? சொந்தக்காரங்க வாட்ஸ்அப்ல, ஃபோன் ஸ்பீக்கர்ல, பஸ்ல உக்காந்துக்கிட்டுக் கேப்பாங்க. மாஸ்டர்ல (மொத்த மிக்ஸ்ல) ஒரு லிமிட்டர் (ஒரு அளவுக்கு மேல சத்தத்தை விடாதது) போட்டு நல்லா ஏத்தி விட்டுடுங்க. மெல்லிசான இடமெல்லாம் பஸ் சத்தத்துல போயிடும். கம்ப்ரஸர் கேக்கணுங்கிற அவசியமே இல்லை, பாட்டு கேட்டாப் போதும்.

பள்ளத்தூர்_குரல் எழுதியது:

தம்பி, மேளத்தை அவங்க பார்த்துக்கட்டும், நான் ஆச்சி தாலாட்டுக்கு வர்றேன். நான் பாடுறவ, என் குரலை நானே எடிட் பண்ணப் போய்த்தான் கம்ப்ரஸர் பக்கம் வந்தேன்.

அந்த ஃபோன் பதிவுல நீங்க கை வைக்கிறதுக்கு முன்னாடியே ஒரு கம்ப்ரஸர் வேலை பார்த்திருக்கு. பெரும்பாலான ஃபோன் ஆப்ல ஒலி அளவைத் தானா ஏத்தி இறக்குற வசதி உள்ளேயே இருக்கும். ஆச்சி ஒரு அடி பாடி முடிச்சு மூச்சு விடுற இடத்தைப் போட்டுக் கேளுங்க. குரல் நின்னதும் ஃபேன் சத்தம் மெல்ல ஏறி வரும். அடுத்த அடியோட முதல் எழுத்து மட்டும் பெரிசா வந்து விழும், உடனே குரலும் ஃபேனும் சேர்ந்து அடங்கும். ஏறி வர்றது ரிலீஸ். முதல் எழுத்து தப்பிச்சு வர்றது அட்டாக். ஒரு குமிழையும் திருகாம, ரெண்டையும் ஆச்சி பதிவுலயே கேட்டுக்கலாம்.

அதனால அதுக்கு மேல இன்னொரு கம்ப்ரஸரை வேகமா போட்டீங்கன்னா ஆச்சி குரலை விட ஃபேன்தான் முன்னாடி நிக்கும். ஹெட்போன்ல கேட்டுக்கிட்டே அடி அடியா வால்யூம் ஆட்டோமேஷன் (எங்கே ஏறணும், எங்கே இறங்கணும்னு சொல்ற கோடு) வரைங்க. "ஆராரோ"ன்னு இழுக்கிற இடம் தாழ்ந்து போனா அங்கே 2 டிபி ஏத்துங்க, மூச்சு விடுற இடத்துல 3 டிபி இறக்குங்க, ஆனா மூச்சை வெட்டிடாதீங்க. வயசான குரல்ல மூச்சும் பாட்டுதான். எல்லாம் முடிஞ்ச பிறகு ரேஷியோ 2ல, 2 டிபிக்கு மேல போகாம, மெதுவான ஒரு கம்ப்ரஸர் போதும். அதுவும் தேவைப்பட்டா.

ஆச்சி நல்லா இருக்காங்கன்னா இன்னொரு தடவை பாடச் சொல்லுங்க. வளவுல வேண்டாம், உள் அறையில ஜமுக்காளம், மெத்தை போட்டு, ஃபேனை நிறுத்திட்டுப் பதியுங்க. ஒரே ஒரு ட்ராக்கா இருந்தாலும் அந்தப் பதிவுதான் வீட்டுல நிக்கும்.

கானாடுகாத்தான்_தம்பி எழுதியது:

ரஸ்தா அண்ணே, தூண் ஜோடியில செஞ்சு பார்த்தேன். கேட்டுடுச்சு!

ரிலீஸ் குறைவா வச்சப்ப ஒவ்வொரு அடிக்கும் நடுவுல ஒரு "ஹூ"ன்னு காத்து மாதிரி எழுந்துச்சு. அது உள்ளேயே பாத்திரம் உருளுற சத்தம், ரெண்டாங்கட்டுல யாரோ பேசுற சத்தம். இதெல்லாம் பதிவுல இருந்ததே எனக்குத் தெரியாது. ரிலீஸை ஏத்த ஏத்த அந்தப் பேச்சு சத்தம் பின்னால போயிடுச்சு, ஒரு இடத்துக்கு மேல மேளமே மொத்தமா அமுங்கி அப்படியே கிடந்துச்சு, எழுந்திருக்கவே இல்லை. இப்போ 3, 4 டிபிக்குக் குறைச்சு வச்சாலும் எதைக் கேக்கணும்னு தெரிஞ்சதால லேசாக் கேக்குது.

பள்ளத்தூர் அக்கா, ஃபேன் விஷயம் அப்படியே இருக்கு. ஆச்சிகிட்ட கேட்டிருக்கேன், வெள்ளிக்கிழமை பாடுறேன்னு சொல்லிருக்காங்க.

புது சிக்கல் ஒண்ணு. மேளம் மொத்தத்தையும் ஒரு பஸ்ல (எல்லா ட்ராக்கும் ஒண்ணு சேர்ற தடத்துல) விட்டு அதுல கம்ப்ரஸர் போட்டா, தொப்பி "தொம்"முன்னு விழும்போதெல்லாம் நாதஸ்வரம் உள்ள போய்ட்டு வருது. இன்னொண்ணு, கீழ்க்காலத்துல (மெதுவான நடையில) நல்லா இருக்கிற ரிலீஸ் மேல்காலம் (வேகமான நடை) போனதும் மோசமாயிடுது. தீர்மானத்துல (முடிவுல மூணு தடவை வர்ற சொற்கட்டுல) எல்லாம் ஒரே மட்டமா இருக்கு.

தொப்பிக்கழி எழுதியது:

நான் தவில்காரன், மிக்ஸிங் தெரியாது. ஆனாலும் சொல்லணும்னு தோணுது.

வலந்தலையில விரலுக்குக் கூடு மாட்டி வாசிக்கிறோம், தொப்பியில பூவரசுக் கழியால அடிக்கிறோம். ரெண்டுக்கும் ஒலி வேற, எடை வேற. தொப்பி அடி எல்லா நேரமும் ஒரே மாதிரி பெரிசா வராது. சொல்லுக்குள்ள எங்கே எடை விழணுமோ அங்கேதான் கை இறங்கும். தீர்மானம் மூணு தடவை வரும்போது மூணும் ஒரே அளவுல வாசிக்கிறதில்லை. முதல் தடவை சொல்லிக் காட்டுவோம், ரெண்டாவது உறுதி பண்ணுவோம், மூணாவது எடுத்துக் கொடுத்துட்டு சமத்துல விழுவோம். கேக்குறவன் கையை ஓங்குறது மூணாவதுக்குத்தான். கல்யாண வீடியோக்கள்ல மூணும் ஒரே மாதிரி வருது. வாசிச்சவன் தூங்கிட்டான்னு கேக்குறவன் நினைப்பான். அதை எப்படியாவது காப்பாத்துங்க தம்பி.

ரஸ்தா_சவுண்ட் எழுதியது:

தவில்காரர் சொன்னதை அப்படியே எடுத்துக்கணும். ஒரு அடிக்குள்ள நடக்கிற ஏற்ற இறக்கம் கம்ப்ரஸர் வேலை. மூணு தீர்மானத்துக்குள்ள, பத்து ஆவர்த்தத்துக்குள்ள நடக்கிற ஏற்ற இறக்கம் வாசிக்கிறவர் வேலை. அதுல திருத்தம் வேணும்னா ஃபேடரால (கையால ஏத்தி இறக்குற வால்யூம்) செய்யணும், கம்ப்ரஸர்கிட்ட விடக்கூடாது. 1940கள்ல ஏவி.எம். ஸ்டுடியோ நம்ம தேவகோட்டை ரஸ்தாவுல கொட்டகை போட்டு ஆரம்பிச்ச காலத்துல, படத்துக்கு ஒலி ஃபிலிம் ஓரத்துல ஒளித்தடமாப் பதியும். கொஞ்சம் மிஞ்சினா கிழியும். ஒலிப்பதிவாளர் கை குமிழ்லயே இருக்கணும், பாட்டு எங்கே ஏறும்னு அவருக்கு முன்கூட்டியே தெரிஞ்சிருக்கணும். கம்ப்ரஸருக்கு அது தெரியாது. ஏறின பிறகுதான் அது பார்க்கும்.

ரிலீஸுக்கு ஒரு கணக்கு. நிமிஷத்துக்கு 75 அட்சரம் போகுதுன்னு வைங்க. 60,000ஐ 75ஆல வகுத்தா ஒரு அட்சரம் 800 மில்லி செகண்ட். அட்சரத்துக்கு 4 சொல் விழுந்தா சொல்லுக்கு 200. ரிலீஸ் 150 பக்கம் இருந்தா அடுத்த சொல் வர்றதுக்குள்ள கம்ப்ரஸர் பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துடும், அந்த அடியை முழுசா விடும். அதே சொல்லை மேல்காலத்துல எடுத்தா இடைவெளி 100 ஆயிடுது. கம்ப்ரஸர் எழுந்திருக்கிறதுக்குள்ள அடுத்த அடி வந்துடும். எழுந்திருக்கவே முடியாம மொத்தமாப் படுத்துடும். உங்களுக்கு மேல்காலம் மட்டமாக் கேக்குறது இதனாலதான். கீழ்க்காலத்தையும் மேல்காலத்தையும் ரெண்டு ட்ராக்காப் பிரிச்சு ரிலீஸைத் தனித்தனியா வைங்க. பிரிக்க மனசில்லைன்னா மேல்காலம் வர்ற இடத்துல த்ரெஷோல்டை 3 டிபி ஏத்தி ஆட்டோமேஷன் போடுங்க. அதுக்காக ரிலீஸை ஒரேயடியா 5, 10ன்னு குறைச்சுடாதீங்க. 100 ஹெர்ட்ஸ் ஒலியோட ஒரு சுற்றே 10 மில்லி செகண்ட். அட்டாக்கும் ரிலீஸும் அதை விட வேகமாப் போனா கம்ப்ரஸர் அலையோட வளைவையே பிடிச்சு இழுக்கும், தொப்பி கரகரன்னு ஆயிடும்.

நாதஸ்வரம் உள்ளே போறதுக்கு மருந்து ரீகாம்ப்லயே இருக்கு. கம்ப்ரஸர் எதைக் கேட்டு முடிவெடுக்குதோ அந்த டிடெக்டர் பாதையில ஹைபாஸ் (தாழ்ந்த ஒலியை வெட்டுற வடிகட்டி) இருக்கும், அதை 120, 150 ஹெர்ட்ஸ்ல வைங்க. வெளியே வர்ற ஒலியில தொப்பி அப்படியே இருக்கும், கம்ப்ரஸர் காதுக்கு மட்டும் அது போகாது. கோயில் விழாவுல அறிவிப்பு மைக்கைத் திறந்ததும் பாட்டு தானா இறங்குற மாதிரி வைப்போமே, அதுவும் இந்த டிடெக்டர் பாதைதான், அங்கே வேணும்னு வைக்கிறோம். உங்களுக்கு இங்கே அது வேண்டாதது.

தவில் மைக்குல நாதஸ்வரம் எவ்வளவு கலந்திருக்குன்னும் தனியாக் கேட்டுப் பாருங்க. அது லேசுப்பட்ட சத்தம் இல்லை. வலந்தலை மைக்கை 6 டிபி அமுக்கினீங்கன்னா அடி போன இடைவெளியில எழுந்து வர்றது நாதஸ்வரமாத்தான் இருக்கும். அது எட்டத்து நாதஸ்வரம், தகரம் மாதிரி ஒலிக்கும். நானா இருந்தா அந்த மைக்குல 2 டிபி தாண்ட மாட்டேன்.

ரீப்பர்ல எஃபெக்ட் சாளரத்துல டெல்டா சோலோன்னு ஒண்ணு இருக்கு. மேக்கப்பை பூஜ்யத்துல வச்சுட்டு அதை அழுத்தினா கம்ப்ரஸர் எதை எடுத்துச்சோ அது மட்டும் கேக்கும். அதுல "ணங்" மட்டும் வந்தா அட்டாக் வேகம் கூட. நாதஸ்வரத்தோட பாட்டே அதுல வந்தா நாம சொன்ன கோளாறு.

புதுவயல்_பீட்ஸ் எழுதியது:

எல்லாம் ஓகே அண்ணே. ஆனா யூட்யூப்ல போட்டா மத்த பாட்டுக்குப் பக்கத்துல இது சத்தமே இல்லாம இருக்குமே?

பள்ளத்தூர்_குரல் எழுதியது:

புதுவயல் தம்பி, அங்கே லவுட்னஸை அளந்துதான் விடுறாங்க. ஸ்பாட்டிஃபை வழக்கமான அமைப்புல மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ்-க்குக் (காதுக்குக் கேக்கிற மொத்தச் சத்தத்தோட அளவு) கொண்டு வருது. யூட்யூப்பும் ஏறக்குறைய அந்த அளவைத் தாண்டினதை இறக்கிடுது. நீங்க லிமிட்டர்ல நசுக்கி மைனஸ் 8க்கு ஏத்தினீங்கன்னா அங்கே 6 டிபி இறக்குவாங்க. நசுங்கினது நசுங்கினதுதான், சத்தமும் மிச்சமில்லை. மைனஸ் 14 பக்கம் அடியோட வந்த மேளம் அதுக்குப் பக்கத்துல உயிரா நிக்கும்.

ஆனா பஸ்ல கேக்குறவங்களைப் பத்தி நீங்க சொன்னது நிஜம், அதைத் தள்ள முடியாது. மெல்லிசான இடம் கேக்கணும், பெரிய அடியும் சாகக் கூடாதுன்னா பேரலல் கம்ப்ரஷன்தான் வழி. மேள பஸ்ஸை ஒரு நகல் எடுத்து அதை நல்லா நசுக்கிட்டு, முழுசா இறக்கின ஃபேடர்ல இருந்து கொஞ்சம் கொஞ்சமா அசலுக்குக் கீழே ஏத்துங்க. பெரிய அடி வரும்போது நகல் அமுங்கிக் கிடக்கும், அசல்தான் கேக்கும். மெல்லிசான இடத்துல நகல் அடியிலிருந்து தாங்கும். ரீகாம்ப்ல வெட் (அமுக்கினது), ட்ரை (அசல்) ரெண்டும் தனித்தனியா இருக்கிறதால நகல்கூட வேண்டாம்.

புதுவயல்_பீட்ஸ் எழுதியது:

இதை நான் சினிமா பீட்டுக்கு மட்டும்தான் பண்ணிக்கிட்டிருந்தேன் அக்கா. மேளத்துக்குத் தோணவே இல்லை. நன்றி.

கானாடுகாத்தான்_தம்பி எழுதியது:

1176, எல்ஏ-2ஏங்கிற பழைய கம்ப்ரஸர் கருவி மாதிரின்னு சொல்ற பிளக்-இன் எல்லாம் நம்ம மேளத்துக்கு உதவுமா அண்ணே? காசு போட்டு வாங்கணுமா?

ரஸ்தா_சவுண்ட் எழுதியது:

இப்போதைக்கு வாங்க வேண்டாம். ஆனா அதுங்க எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுக்கிட்டா காது கூர்மையாகும்.

1176 பில் புட்னம் 1967ல கொண்டு வந்தது. அட்டாக் ஒரு மில்லி செகண்டுக்கும் கீழே, 20லிருந்து 800 மைக்ரோ செகண்ட் வரைக்கும். ரிலீஸ் 50 மில்லி செகண்ட்லிருந்து 1.1 செகண்ட். அதுல குமிழை வலது பக்கம் திருகினா வேகம் கூடும், அசந்தா தலைகீழா வச்சுடுவோம். எல்ஏ-2ஏ ஜிம் லாரன்ஸ் செஞ்சது, உள்ளே ஒரு சின்ன ஒளித்தகடும் வெளிச்சத்துக்கு மின்தடை மாறுற ஒரு செல்லும் இருக்கும். ஒலி ஏறினா தகடு பிரகாசிக்கும், செல் அமுக்கும். ஒலி நின்னா அமுக்கத்துல பாதியை ஏறக்குறைய 60 மில்லி செகண்ட்ல விட்டுடும், மிச்சத்தை அரை செகண்ட்லிருந்து சில செகண்ட் வரைக்கும் மெதுவா விடும். அந்த ரெண்டு கட்டமா விடுறதுதான் குரலுக்கு இதமா இருக்கு. ஆச்சியோட புதுப் பதிவுக்கு அந்த வகை நல்லா உக்காரும்.

மேள பஸ்ஸுக்கு டோக்கியோ டான் கொடுக்கிற காட்டெல்னிகாவ் கம்ப்ரஸரோட இலவசப் பதிப்பே போதும், சுத்தமா இருக்கும். அதுலயும் டிடெக்டர் வடிகட்டி இருக்கு. ஒரு கம்ப்ரஸரை எடுத்து ஆறு மாசம் அதையே பயன்படுத்துங்க. பத்து வச்சுக்கிட்டு மாத்தி மாத்திப் போட்டா எதையுமே கேக்க மாட்டீங்க.

கானாடுகாத்தான்_தம்பி எழுதியது:

மிக்ஸ் ஒரு கட்டத்துக்கு வந்துருக்கு. மேள பஸ்ல ரேஷியோ 2, அட்டாக் 30, கீழ்க்காலத்துக்கு ரிலீஸ் 150, மேல்காலம் தனி ட்ராக்ல 80. பெரிய அடிக்கு 3 டிபி அமுங்குது. டிடெக்டர் ஹைபாஸ் 140. தூண் ஜோடியைத் தனியா நசுக்கி அடியில 15 டிபி குறைச்சு வச்சிருக்கேன், பேரலல் மாதிரி. பாத்திரம் உருண்ட இடத்துல மட்டும் அந்த ஜோடியை இறக்கிட்டேன். தீர்மானம் மூணுக்கும் பஸ் கம்ப்ரஸரை விலக்கிட்டு ஃபேடர்ல பார்த்துக்கிட்டேன். மொத்தம் மைனஸ் 15 எல்யூஎஃப்எஸ் பக்கம் வருது. லிங்க் தனிச்செய்தியில எல்லாருக்கும் அனுப்பியிருக்கேன்.

ஆச்சி வெள்ளிக்கிழமை உள் அறையில பாடினாங்க. ஃபேன் இல்லை, நாலு அடிக்கு ஒரு தடவை விசிறிக்கிட்டாங்க, விசிறிச் சத்தம் லேசா இருக்கு. எடுக்கலாமா அக்கா?

பள்ளத்தூர்_குரல் எழுதியது:

கேட்டேன் தம்பி. விசிறியை எடுக்காதீங்க. அது பாட்டோட தாளத்துலயே போகுது, குரலை மறைக்கவும் இல்லை. ரெண்டாவது சரணத்துல "கண்ணே"ன்னு எடுக்கிற இடம் மட்டும் 1.5 டிபி இறக்குங்க, காதுல குத்துது.

தொப்பிக்கழி எழுதியது:

தீர்மானம் மூணும் மூணு மாதிரி கேக்குது. நல்லா இருக்கு தம்பி. மேல்காலத்துல வலந்தலை இன்னும் கொஞ்சம் பின்னாலதான் இருக்கு. வாசிச்சவர் விரல் சுத்தமான விரல், ஒவ்வொரு சொல்லும் தனித்தனியா விழுது. அதை முன்னால கொண்டு வர முடியுமான்னு பாருங்க.

ரஸ்தா_சவுண்ட் எழுதியது:

தவில்காரர் சொல்றது எனக்கும் கேக்குது. முதல்ல வலந்தலை மைக்கை மேல்காலத்துல 1 டிபி ஏத்துங்க. அதுக்கும் வரலைன்னா அந்த ட்ராக்ல அட்டாக்கை 30லிருந்து 45க்குத் தள்ளுங்க, "ணங்" இன்னும் கொஞ்சம் தப்பிச்சு வரும். ரெண்டையும் ஒண்ணாச் செய்யாதீங்க. ஒண்ணு செஞ்சு, அளவைச் சமமாக்கி, கண்ணை மூடிக் கேட்டுட்டு அடுத்தது.

கானாடுகாத்தான்_தம்பி எழுதியது:

அட்டாக் 45லயே வந்துடுச்சு அண்ணே, ஃபேடர் தொடலை. புது லிங்க் போட்டிருக்கேன்.